எள்ளலும் உவகையும்: விவேகானந்த சுவாமிகள் வாழ்க்கை

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் நகையை முதலிலும் உவகையை ஈற்றிலும் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினைக் கூறுமிடத்து, எள்ளலை முதற்கண் நிறுத்தினார். பிறரை எள்ளி நகைப்பதும் சிரிப்பே. உள்ளம் நிறைந்து வழிய நகைப்பதும் சிரிப்பே. முகத்தளவில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், முன்னையது வெறுமையிற் பிறப்பது. பின்னையது நிறைவிற் பிறப்பது. முன்னையதிலே தொடங்கி, அழுகையும் இளிவரலும் மருட்கையும் அச்சமும் இடைவழியிற் கண்டு, பின்னையதிலே நிறைந்த வாழ்க்கை ஒன்றினை இவ்விழா மலரிலே மாணவர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அது விவேகானந்த சுவாமிகளின் வாழ்க்கை.

தலைப்பாகையும் காவியுடையும் தரித்து, மார்பின்மேற் கைகளைக் கட்டி நிற்கும் அன்னாரின் திருவுருவப் படத்தைக் காணாத இந்துக் கல்லூரி மாணவர் இலர். அப்படத்தை நோக்குவார்க்கு வீரமும் பெருமிதமுமே தோன்றும். ஆயின், அன்னாருடன் வாழ்ந்தவர்கள் நினைவிலே நின்றது அவ்வீறு மாத்திரமன்று. அறை முழுதும் அதிரச் சிரிக்கும் அவர் சிரிப்புமாகும். அச்சிரிப்பை அவர் எங்ஙனம் பெற்றார் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

1863 ஆம் ஆண்டு சனவரி மாதம் 12 ஆம் நாள், மகர சங்கிராந்தி நன்னாளிலே, கல்கத்தா நகரின் சிமுலியாப் பகுதியிலே விசுவநாத தத்தர் என்னும் வழக்கறிஞருக்கும் புவனேசுவரி அம்மையாருக்கும் மைந்தராய் அவர் பிறந்தார். ஆண்மகவு வேண்டிக் காசியிலுள்ள வீரேசுவரப் பெருமானை வழிபட்டுப் பெற்ற பிள்ளையாதலின், அன்னை வீரேசுவரன் என்று அழைத்தார். உலகியலில் வழங்கிய பெயர் நரேந்திரநாதன். பிள்ளையோ அடங்காப் பிள்ளை. சிவபெருமானிடம் மகனை வேண்டினால், அவர் தம் பூதகணங்களுள் ஒன்றையன்றோ அனுப்பிவிட்டார் என்று அன்னையார் நொந்துகொள்வாராம். குறும்பு எல்லை கடக்கும்போது சிவநாமத்தைச் சொல்லித் தலையிலே தண்ணீரை வார்த்தால், குழந்தை உடனே அடங்கிவிடுமாம்.

எதனையும் சோதித்தறியாது ஏற்றுக்கொள்ளாமை அவருக்குப் பிறவிக்குணம். தந்தையாரைக் காண வரும் பல சாதியாருக்கும் தனித்தனி உக்காக்கள் கூடத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஒருவருக்குரியதை மற்றவர் தொட்டாற் கேடு விளையும் என்று கேள்விப்பட்ட சிறுவன், ஒருநாள் ஆளில்லாத வேளையில் ஒவ்வொன்றையும் வாயில் வைத்து இழுத்துப் பார்த்தான். கண்டு வினவிய தந்தையாரிடம், சாதி கெட்டால் என்ன நிகழும் என்று பார்த்ததாகக் கூறினான். கூரை இடிந்து விழவில்லை. தந்தையாரும் சிரித்து அகன்றார். ஒரு மரத்திலே பேய் இருப்பதாகவும், ஏறுவோரின் கழுத்தை அது முறித்துவிடுமெனவும் முதியவர் ஒருவர் அச்சுறுத்தியபோது, அவர் தலைமறைந்ததும் அம்மரத்திலேயே ஏறி அமர்ந்தான். சொன்னவர் பெரியவர் என்பது பற்றி மாத்திரம் ஒன்றை நம்புதல் கூடாதென்பது அப்பிள்ளையின் துணிபு.

இக்குணம் கல்லூரிப் பருவத்திலே பெருகி வளர்ந்தது. முதலில் மாநிலக் கல்லூரியிலும், பின்னர் இன்று ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரி என வழங்கும் கல்லூரியிலும் அவர் பயின்றார். ஹியூம், மில், ஸ்பென்சர் முதலிய மேனாட்டு அறிஞர்களின் நூல்களை ஊன்றிக் கற்றார். ஸ்பென்சர் கல்வியைப் பற்றி எழுதிய நூலை வங்கமொழியிற் பெயர்த்தார். பிரம சமாசத்திற் சேர்ந்து பாடினார். விக்கிரக வழிபாட்டை ஒதுக்கினார். ஆயினும் அவர் நெஞ்சத்தை வினாவொன்று அரித்துக்கொண்டே இருந்தது. கடவுள் உளர் என்று பேசுவார் பலர். கண்டவர் எவரேனும் உண்டோ என்பதே அது. கங்கையிலே படகில் வசித்த மகரிஷி தேவேந்திரநாத தாகூரிடம் சென்று இதனையே வினவினார். அப்பெரியார் நேர் விடை கூறாது, இளைஞனுடைய கண்கள் யோகியின் கண்களைப் போன்றன என்று பாராட்டினார். பாராட்டைப் பெற்ற இளைஞன் விடை பெறாதவனாய்த் திரும்பினான்.

கல்லூரி அதிபர் ஹேஸ்டி என்பார் ஆங்கிலக் கவிதை ஒன்றைக் கற்பிக்கும்போது, இயற்கையழகிலே கவிஞன் தன்னை மறந்து நிற்கும் நிலையை விளக்கி, அத்தகைய நிலையைக் காண விரும்புவோர் தட்சிணேசுவரத்து இராமகிருஷ்ணரிடம் செல்லலாம் என்றார். கிறித்தவப் பாதிரியார் ஒருவர் வகுப்பறையிலே காட்டிய வழி அது. 1881 ஆம் ஆண்டு நவம்பரில் அன்பர் ஒருவர் இல்லத்திலே நரேந்திரன் பாடக் கேட்ட பரமஹம்சர், தம்மிடம் வருமாறு அழைத்தார். தட்சிணேசுவரத்திலே தம்மைத் தனியே அழைத்துச் சென்று, நெடுநாட் பிரிந்தாரைக் கண்டார் போலக் கண்ணீர் சொரிந்து, தம் கையாலே இனிப்பு ஊட்டிய அப்பெரியாரைப் பித்தர் என்றே நரேந்திரன் கருதினார். ஆயினும் தம் பழைய வினாவை அவரிடமும் விடுத்தார். தாம் கடவுளைக் கண்டதுண்டென்றும், எதிரே நிற்கும் நரேந்திரனைக் காண்பதினும் தெளிவாகக் கண்டதாகவும் தயக்கமின்றி விடை வந்தது. அவ்விடை நரேந்திரனைத் திகைக்கச் செய்தது. ஆனால் நம்பச் செய்யவில்லை.

அன்று தொடங்கிச் சில ஆண்டுகள் நிகழ்ந்தவற்றை ஆசிரியராயினார் யாவரும் ஊன்றி நோக்குதல் வேண்டும். மாணாக்கர் குருவை ஓயாது எள்ளினார். குரு கண்ட காட்சிகளை மனமயக்கம் என்றார். காளியைக் கற்சிலை என்றார். பரமஹம்சரோ வெகுண்டாரல்லர். நாணயம் மாற்றுவோன் ஒவ்வொரு காசையும் தட்டிப் பார்ப்பது போலத் தம்மையும் தட்டிப் பார்த்தே ஏற்க வேண்டும் என்பது அவர் மாணாக்கர்க்கு இட்ட கட்டளை. பணத்தைத் தொட்டால் அவர் உடல் வருந்தும் என்பதைச் சோதிக்க எண்ணிய நரேந்திரன், ஒருநாள் அவர் படுக்கையின் கீழே வெள்ளி ரூபாய் ஒன்றை மறைத்து வைத்தார். அறியாது அமர்ந்த பரமஹம்சர் வேதனையுற்றுத் துள்ளி எழுந்தார். செய்தவர் யாரென அறிந்தபோது மகிழ்ந்தார். பரமஹம்சர் தாமும் நகைச்சுவை மிக்கவர். உலகத்தாருடைய போலி நடைகளை நடித்துக் காட்டிச் சீடர்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பவர். சிரிக்கத் தெரிந்தவராதலின், தம்மைப் பார்த்துப் பிறர் சிரித்தபோது அவர் சினந்திலர்.

எல்லாம் பிரமம் என்னும் அத்துவைதக் கொள்கையை அவர் போதிக்கக் கேட்ட ஒருநாள், நரேந்திரன் வெளித்தாழ்வாரத்திற்கு வந்து ஹாஸரா என்பவரிடம் அதனைச் சொல்லி ஏளனஞ் செய்தார். இந்தச் செம்பும் கடவுளாம், இந்தக் கிண்ணமும் கடவுளாம், நாமும் கடவுளாம் என்று இருவரும் சேர்ந்து உரக்கச் சிரித்தனர். இதுவே நாம் முதற்கண் குறித்த எள்ளல் நகை. அச்சிரிப்பைக் கேட்டு, உள்ளேயிருந்த பரமஹம்சர் குழந்தைபோல ஆடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தாமும் சிரித்தபடியே வெளியே வந்து நரேந்திரனைத் தொட்டார். தொட்ட அளவிலே காண்பனவெல்லாம் கடவுளாகவே நரேந்திரனுக்குத் தோன்றின. வீடு சென்று உண்ண அமர்ந்தால், கலமும் சோறும் பரிமாறும் அன்னையும் உண்ணும் தாமும் ஒரே பொருளாகத் தோன்றின. அந்நிலை சில நாள் நீடித்தது. வீதியோரத்து இரும்பு வேலி மெய்யோ கனவோ என அறியத் தம் தலையை அதில் மோதிப் பார்த்தாராம். எள்ளிச் சிரித்த பொருள் அவரைப் பற்றிக்கொண்டது. எனினும், பிறர் தொட வந்த அனுபவம் வேறு; தாமே வருந்திப் பெறும் நம்பிக்கை வேறு. பின்னையதற்குரிய காலம் இனியே வரவிருந்தது.

1884 ஆம் ஆண்டு பெப்ரவரியில் தந்தையார் திடீரெனக் காலமானார். வரவினும் மிகுதியாகச் செலவிட்டு வாழ்ந்த குடும்பமாதலின், எஞ்சியது கடனே. கடன் கொடுத்தோர் கதவைத் தட்டினர். உறவினர் வீட்டுரிமை கோரி வழக்காடினர். அன்னையையும் உடன்பிறந்தாரையும் காக்கும் பாரம் இருபத்தொரு வயது இளைஞரின் தோளிலே விழுந்தது. பீ. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தியவர், கையிலே விண்ணப்பமும் காலிலே செருப்பின்மையுமாக, கொளுத்தும் வெயிலிலே கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். எங்கும் இல்லையென்றே விடை வந்தது. வீட்டிலே சோறு போதாத நாள்களில், வெளியே விருந்துண்டென்று அன்னையிடம் பொய் கூறிப் பட்டினி கிடந்தார். காலையில் எழும்போது இறைவன் திருநாமத்தைச் சொல்லும் வழக்கம் அவருக்கிருந்தது. அதனைக் கேட்ட அன்னையார், பக்தியிற் சிறந்தவராயிருந்தும் துயரம் தாளாது, சிறு வயது முதல் கூவி அழைத்தும் அக்கடவுள் நமக்கு என்ன செய்தார் என்று கடிந்துகொண்டார். அச்சொல் அவர் நெஞ்சிலே வேலெனப் பாய்ந்தது. கருணை வடிவான கடவுள் ஒருவர் இருப்பின், உலகிலே இத்துணைத் துன்பம் ஏன் என்னும் வினா எழுந்தது. முன்பு நூலிற் கற்ற ஐயம்; இப்போது வயிற்றிலே பட்ட ஐயம்.

மறைத்து ஒழுகும் இயல்பினர் அல்லராதலின், கடவுள் இல்லையென்றே எல்லாரிடமும் வாதாடினார். நாத்திகனானான், தீநெறியிற் புகுந்தான் என்று ஊர் தூற்றிற்று. அன்பர் சிலரும் நம்பினர். இச்செய்தியைத் தம்மிடம் கொணர்ந்தவர்களைப் பரமஹம்சர் கடிந்து ஓட்டினார். நரேந்திரனை அவர் ஒருநாளும் ஐயுறவில்லை. கடவுளை நம்பாதவனையும் நம்பிய குரு ஒருவர் இருந்தார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி எனக் கருதுகின்றோம்.

மாரிக்காலத்து மாலையொன்றிலே, நாள் முழுதும் உண்ணாது அலைந்து, மழையில் நனைந்து, ஓரடியும் எடுத்து வைக்க இயலாதவராய் வழியோரத்து வீடொன்றின் திண்ணையிலே அவர் சாய்ந்தார். அந்த அயர்விலே உள்ளத்தை மூடியிருந்த திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகுவது போன்ற உணர்வு தோன்றிற்று. இறைவன் கருணையும் உலகின் துன்பமும் எங்ஙனம் ஒருங்கே இருத்தல் கூடும் என்ற சிக்கல், தருக்கத்தாலன்றி உள்ளிருந்தே அவிழ்ந்தது. எழுந்து வீடு திரும்பியபோது உடலிலே சோர்வில்லை; மனத்திலே அமைதி நிறைந்திருந்தது.

எனினும் வீட்டிலே அடுப்பு எரியவில்லை. ஆதலின் நரேந்திரன் பரமஹம்சரை அடைந்து, தம் குடும்பத்தின் வறுமை நீங்கத் தேவியிடம் வேண்டித் தருமாறு கேட்டார். நீ அவளை ஏற்றுக்கொள்ளவில்லையே, நீயே சென்று கேள் என்னுங் கருத்துப்பட மொழிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அவரைத் தனியே கோயிலுக்குள் அனுப்பினார் பரமஹம்சர். கற்சிலை என்று தாம் எள்ளிய இடத்திலே உயிருடைய அன்னையைக் கண்டார் நரேந்திரன். விவேகமும் வைராக்கியமும் ஞானமும் பக்தியுமே வேண்டினார். சோறும் துணியும் நினைவுக்கே வரவில்லை. குரு மீண்டும் அனுப்பினார். மீண்டும் அங்ஙனமே நிகழ்ந்தது. மூன்றாம் முறை நினைவு வந்தது; ஆனால் பேரரசி முன்னிலையிலே பூசணிக்காய் கேட்பது போன்ற நாணமும் உடன் வந்தது. கேளாதே திரும்பினார். எளிய உணவுக்கும் உடைக்கும் அக்குடும்பத்திற்குக் குறைவு வாராதென்று குருவே இறுதியில் வாழ்த்தினார்.

அன்றிரவு முழுதும் நரேந்திரன் தேவியைப் பாடிக்கொண்டேயிருந்தார். மறுநாட் பகலிலே தாழ்வாரத்தில் அயர்ந்து துயின்றார். பரமஹம்சரோ இருப்புக் கொள்ளாதவராய், வந்தவரிடமெல்லாம் நரேந்திரன் அன்னையை ஏற்றுக்கொண்டான் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் குழந்தைபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். இதுவே உவகை நகை.

மாணவர்கள் இவ்விடத்திலே ஒன்றைக் குறித்துக்கொள்ளுதல் நன்று. நரேந்திரன் மகிழ்ந்தது வறுமை நீங்கிய பின்னரன்று. வழக்கு அதன் பின்னரும் பல்லாண்டு நடந்தது. நிரந்தரத் தொழில் கிட்டவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்திலும் மொழிபெயர்ப்பிலும் ஆசிரியத் தொழிலிலுமாகச் சிறுசிறு வருவாயே கிடைத்தது. சோறு வந்தமையால் நம்பிக்கை வந்ததன்று. நம்பிக்கை வந்தமையாற் பசியிலும் சிரிக்க முடிந்தது.

அதற்கு அடுத்த சான்று வராகநகர மடம். 1886 ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 ஆம் நாள் பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயாற் சமாதியடைந்தபின், நரேந்திரனும் சகோதரத் துறவிகளும் பேய் வீடு என்று பிறர் அஞ்சிய பாழ்மனையொன்றிலே குடிபுகுந்தனர். கோவையிலையை அவித்து உப்பிட்டுச் சோற்றுடன் உண்பர். உப்பும் இல்லாத நாள் உண்டு. வெளியே செல்வோர் உடுப்பதற்குப் பொதுவான ஆடை ஒன்றே தொங்கும். அந்நிலையிலும் பாட்டும் தியானமும் வாதமும் பரிகாசமுமாக அம்மனை இரவு பகலாக ஒலித்தது. பின்னர் அவர் தனியே பாரதநாடெங்கும் அலைந்து, 1892 ஆம் ஆண்டிறுதியிற் கன்னியாகுமரியை அடைந்து, மறுவருடம் சிக்காகோ சர்வமத மகாசபையிலே பேசி உலகப் புகழ் எய்திய வரலாறு யாவரும் அறிந்ததே. அச்சபையிலே மதவாதிகள் ஒருவரோடொருவர் பிணங்குதல் ஏன் என விளக்க நேர்ந்தபோது, அவர் தத்துவ நூல்களைப் புரட்டவில்லை. நம் பாட்டிமார் கூறும் கிணற்றுத் தவளைக் கதையைச் சொன்னார். பேரறிஞர் நிறைந்த சபையிலே, ஒவ்வொருவரும் தத்தம் கிணற்றை எண்ணிப் பார்க்கும்படி செய்தது அக்கதை. ஒருகாலத்திற் பிறர் நம்பிக்கையை எள்ளியவர், இப்பொழுது எவரையும் புண்படுத்தாது, தம்மையும் அத்தவளைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு சிரிக்கக் கற்றிருந்தார்.

மேனாட்டினின்றும் திரும்பியபோது அவர் நம் ஈழநாட்டு மண்ணிலே அடி வைத்தார். 1897 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் நாள் கொழும்பில் வந்திறங்கினார். கண்டி, மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றார். அந்நாளில் வடக்கே புகையிரதம் இல்லை. குதிரை வண்டியிலே செல்லும்போது தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சக்கரம் முறிந்தது. சில மணிநேரம் வழியிற் காத்திருந்து, மாட்டு வண்டியிலும் செல்ல நேர்ந்தது. யாழ்ப்பாணத்தார் தீவட்டி ஊர்வலத்தோடு வரவேற்றனர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வளவிலே அவர் வேதாந்தத்தைப் பற்றிப் பேருரை ஆற்றினார். சைவமும் தமிழும் காக்கவெழுந்த இந்துக் கல்லூரிகள் இளம்பயிராயிருந்த காலம் அது. அவர் தொடக்கிய இராமகிருஷ்ண மிஷன், பிற்காலத்திலே விபுலாநந்த அடிகளார் வாயிலாக நம் நாட்டுக் கல்விக்குச் செய்த தொண்டினை நம் பழைய மாணவர்கள் நன்கறிவர்.

ஐயம் ஒருமுறை தீர்ந்தால் மீளத் தலைகாட்டாது என்று கொள்ளற்க. 1898 ஆம் ஆண்டு காசுமீரத்திலே க்ஷீர்பவானி என்னும் தலத்தில், படையெடுப்பாற் சிதைந்த தேவி கோயிலைக் கண்டு, அக்காலத்தே தாம் இருந்திருப்பின் இதனைக் காத்திருப்போமே என்று எண்ணி மனம் வெதும்பினார். அன்னையை அவர் காப்பதா, அவரை அன்னை காப்பதா என வினவும் குரல் உள்ளே கேட்டது. திரும்பி வந்தவர் குழந்தையாகவே வந்தார். தாமே யாவற்றையும் தாங்குவதாக எண்ணியிருந்த பாரம் அன்றே இறங்கிற்று.

ஆதலின் அன்னாரின் இறுதி ஆண்டுகளிலே, நீரிழிவும் தொய்வும் உடலை அரித்த காலத்தும், சிரிப்பு குன்றவில்லை. பேலூர் மடத்திலே நாயும் வாத்தும் மானும் வளர்த்தார். மட்ரு என்னும் ஆட்டுக்குட்டியின் கழுத்திலே சதங்கை கட்டி, அதனோடு ஓடி விளையாடினார். மடத்து நிலத்தில் மண்வேலை செய்த சந்தால் மக்களோடு அமர்ந்து அவர்தம் கதைகளைக் கேட்டார். ஒருநாள் அவர்களுக்கு விருந்திட்டு, நாராயணனுக்கே அமுது படைத்ததாகக் கூறி மகிழ்ந்தார். செம்பும் கடவுளோ என்று எள்ளியவர், கூலியாளிலே கடவுளைக் கண்டு உவந்தார்.

1902 ஆம் ஆண்டு சூலை மாதம் 4 ஆம் நாள். காலையில் நெடுநேரம் தியானித்தார். நண்பகலில் எல்லாருடனும் அமர்ந்து உண்டார். பிற்பகலிலே இளந்துறவிகளை அழைத்து ஏறத்தாழ மூன்று மணிநேரம் வடமொழி இலக்கணங் கற்பித்தார். இலக்கண வகுப்பு எத்தன்மையது என்பதை நம் மாணவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை, உறங்காதிருப்போரே அரியர். ஆனால் அவ்வகுப்பிலே எவரும் சோர்ந்தாரில்லை. இடையிடையே நகைச்சுவைக் கதைகளும் சொல்விளையாட்டும் கலந்து, கேட்டோரைச் சிரிக்கவைத்தே கற்பித்தாராம். அன்றிரவு ஒன்பது மணியளவிலே, நாற்பதாண்டும் நிரம்பாத அவ்வாழ்வு தியானத்திலே அடங்கிற்று. மாணாக்கரை எள்ளாது, மாணாக்கரோடு சேர்ந்து சிரித்த குரு ஒருவரிடம் கற்றவர், தம் இறுதி நாளிலும் அங்ஙனமே கற்பித்தார்.

இவ்வரலாற்றை எழுதுங்கால் நமக்கும் ஒரு நாணம் உண்டாகின்றது. சமய பாட வேளையிலே, கடவுளைக் கண்டவர் யார் என்று எழுந்து கேட்கும் மாணவனை அதட்டி இருத்துதல் ஆசிரியராகிய நமக்கு எளிது; நாமும் அங்ஙனம் செய்ததுண்டு. அவன் வாய் அடங்கியிருக்கும், வினா அடங்கியிராது. வீட்டிலே அடுப்பெரியாத துயரந்தான் அவனை அங்ஙனம் கேட்க வைத்ததோ என்பதையும் நாம் உசாவியதில்லை. இனியேனும் அத்தகைய மாணவனை அருகழைத்து இருத்தி, அவன் வினாவினை முற்றக் கேட்போமாக. மாணவர்காள், உங்கள் ஐயத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். அதனை எள்ளலோடு நிறுத்தியும் விடாதீர்கள். விடை காணுமளவும் கேட்டுக்கொண்டே செல்லுங்கள். எட்டு மெய்ப்பாடுகளுள் உவகையை ஈற்றிலே வைத்தனர் நம் முன்னோர். அதுவரையிற் செல்லும் உள்ளத்துறுதியை எல்லாம் வல்ல இறைவன் உங்களுக்கு அருள்வானாக.